அவர் அளவுக்கு ஒரு சீட்

ஜூன் 3, செவ்வாய்

இடது பக்க சீட்டைக் கழற்றியாயிற்று. நான்கு போல்ட்டும் துருவேறிக் கிடந்தன. டீசல் விட்டு ஊறவைத்து, ஸ்பானருக்கு ஒரு பைப்பை மாட்டி, முழு உடம்பையும் கொடுத்துத் திருப்பினேன். கடைசி போல்ட் ஒடிந்தே போனது. அதற்கு என்னோடு என்ன பகையோ.

காலையில் போனில் வீட்டுக்காரர் சொன்னது: "எடது பக்கத்து சீட்டக் கழட்டி வீசிரு கோகிலா. அது வீண் கனம்."

மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டுகிறவர் மட்டும்தான் வண்டியில் இருப்பார். பக்கத்தில் ஆள் கிடையாது. மேட்டில் ஒவ்வொரு கிலோவும் பின்னால் இழுக்கும். எல்லாம் நியாயம்தான். ஆனால் இருபது வருஷம் நான் உட்கார்ந்து ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போய்வந்த இடத்துக்குப் பெயர் வீண் கனம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டி எம்.ஜி. மிட்ஜெட். இரண்டே பேர் உட்காரும் சிவப்புக் குட்டிக் கார். குன்னூரில் ஓர் எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை, கல்யாணமான புதிதில் அவர் வாங்கி வந்தார். அக்டோபர் 12ஆம் தேதி ஏற்காட்டுக்குப் பின்பக்கமாக ஏறும் சாலையில் கார் சங்கத்தார் பந்தயம் வைக்கிறார்கள். தொழில்முறை ஓட்டுநர்கள் கிடையாது, எல்லாம் நம்மைப் போல ஆசைக்காரர்கள். ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்ப்பார்கள். அதில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய வாலிப காலத்து ஆசை. எஞ்சின் போரிங் பட்டறையை மூடிவிட்டு அவர் துபாய் போய் இரண்டு வருஷம் ஆகிறது. "நீ வண்டிய ரெடி பண்ணி வெய்யி. அக்டோபர்ல லீவு போட்டுட்டு வந்து ஓட்டறேன்" என்றார்.

மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறவளுக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்துவிடுவேன்.

அவர் வந்து ஒருமுறை இதில் மலையேறிவிட்டால், அப்புறம் திரும்பிப் போகமாட்டார் என்று நினைக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

தரைவிரிப்பு, ஹீட்டர், முன்னும் பின்னும் பம்பர், கதவின் உள்பக்க அட்டை, எல்லாம் போயிற்று. ஹீட்டருக்குள் ஓர் எலிக்கூடு. அதற்குள் என் பழைய கைக்குட்டை ஒன்று, பாதி தின்றபடி.

சாயங்காலம் பேசினார். வீடியோ போடுவதில்லை. அங்கே நெட் சரியில்லையாம். பேசும்போது பின்னால் சடசடவென்று ஒரே இரைச்சல், ஓட்டுக்கூரை மேல் மழை கொட்டுகிற மாதிரி.

"அங்க மழைங்களா?"

"மழயா? இங்கயா? ஏ.சி. சத்தம் புள்ள."

இருக்கும். நாற்பத்தைந்து டிகிரி அடிக்கிற ஊர், பெரிய ஏ.சி.யாகத்தான் வைத்திருப்பார்கள். நம் கோயமுத்தூர் கணபதியில் காற்று மட்டும்தான் சுழற்றி அடிக்கிறது. மழை எல்லாம் பாலக்காட்டோடு நின்றுவிடுகிறது.

ஜூன் 28, சனி

பட்டறையில் எனக்கு உதவிக்கு இருக்கிற பாப்பாத்தி வேலைக்கு வரவில்லை. நான்கு மோட்டார் தேங்கிவிட்டது. வண்டியைத் தொடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பிரேக்குக்கு ரப்பர் வாஷர் கேட்டிருந்தேன், வந்து சேர்ந்தது. ஊருக்கு வருகிற யாரிடமோ கொடுத்தனுப்பினாராம். அந்த யாரோ உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், நான் போய் வாங்கி வந்தேன். மலையாளப் பேப்பரில் சுற்றியிருந்தது. வியாழக்கிழமைப் பேப்பர். துபாயில் மலையாளப் பேப்பர் சூடாகவே கிடைக்கும் போலிருக்கிறது.

வாஷர் மாற்றியபின் பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும், குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இது இரண்டு பேர் வேலை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நட்டைத் திறந்து மூட வேண்டும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இந்தப் பெடலை மிதித்தது நான். கீழேயிருந்து "அமுக்கு" என்பார். மிதிப்பேன். "விடு" என்பார். விடுவேன். நடுவில் வேறு பேச்சு கிடையாது. அப்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும், அடுப்பில் குழம்பு கொதிக்கிறதே என்று.

இன்று ஒரு பாட்டிலில் ரப்பர் குழாயைச் செருகி, நானே ஓடி ஓடி மிதித்து, நானே ஓடி ஓடி நட்டைத் திருகினேன். ஒவ்வொரு தடவையும் வாய் தானாக "அமுக்கு" என்றது. யாரிடம் சொன்னேனோ. பெடல் கடைசியில் கல் மாதிரி நின்றது. குளித்துவிட்டுப் பழைய சோறு சாப்பிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று சீட். பெரிய வேலை.

சாதாரண வண்டியில் சீட் முன்னும் பின்னும் நகரும். அதற்குத் தண்டவாளம் மாதிரி இரண்டு இரும்பு உண்டு. பந்தய வண்டியில் அந்த இரும்பும் கனம்தான், எடுத்துவிட வேண்டும். சீட்டை நேராகத் தரையில் போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். அப்புறம் அது நகராது. ஆகவே யார் ஓட்டப்போகிறார்களோ அவர் அளவுக்குப் போட வேண்டும். "என் அளவு உனக்குத் தெரியுமல்ல?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியா அது.

பீரோவிலிருந்து அவருடைய பேன்ட் ஒன்றை எடுத்து வந்து சீட்டில் விரித்தேன். இடுப்புப் பக்கம் சீட்டின் மூலையில், கால்கள் பெடலை நோக்கி. முட்டி கொஞ்சம் மடங்க வேண்டும், அதற்கும் இடம் விட்டேன். ஆள் ஆறடி. நான் அவர் தோள்பட்டைக்கு வந்தால் அதிகம். சீட் எங்கேயோ பின்னால் போய் நின்றது. பேன்ட் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

தரையில் நான்கு ஓட்டை போட்டேன். வினை அதற்குப் பிறகுதான். மேலே போல்ட்டைத் திருப்பினால் கீழே நட்டும் கூடவே சுற்றுகிறது. கீழே ஒருவர் ஸ்பானரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாப்பாத்தியைக் கூப்பிட்டிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை. எதிர் வெல்டிங் பட்டறை ஃபெலிக்ஸ் அண்ணன் சர்ச்சிலிருந்து வருகிறவரை காத்திருக்கலாம். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. கூப்பிட்டால் "அண்ணன் எப்ப வர்றாரு" என்று ஆரம்பிப்பார்கள். வண்டியடியில் ஸ்பானருக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு மேலே வந்து திருப்பினேன். வழுக்கியது. மறுபடி கீழே. மறுபடி மேலே. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி நான்காவது போல்ட் பிடித்தது.

இனி அவர் வந்து உட்கார வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

பாப்பாத்தி காலையிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, எலுமிச்சை சாதம் கட்டி எடுத்து வந்தாள். "நீங்க மாத்தலீங்களா அக்கா?" என்றாள். என்னுடையது தங்கச் செயின், மாற்ற வேண்டியதில்லை என்றேன். "செயின்னாலும் ஒரு மஞ்சக் கயிறு சேத்துக் கட்டிக்குவாங்க" என்று முனகிக்கொண்டே போனாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

பின்பக்க ஸ்பிரிங் பட்டையைச் சரி செய்தேன். ஓட்டுகிறவர் உட்கார்ந்த நிலையில் வண்டி நான்கு சக்கரத்திலும் சமமாக நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் இங்கே இல்லை. அதனால் இரண்டு சாக்கில் மணல் நிரப்பி, தராசில் போட்டு, எழுபத்தெட்டு கிலோ வரும்வரை செப்புக் கம்பிச் சுருளைச் சேர்த்து, சீட்டில் தூக்கி வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். போகும்போது எழுபத்தெட்டு இருந்தார். அங்கே என்ன சாப்பிடுகிறாரோ.

பட்டையைச் சரிசெய்து முடிக்கும்வரை சாக்கோடு பேசிக்கொண்டிருந்தேன். பம்பு கம்பெனிக்காரன் பாக்கி வேலையைத் திருப்பி அனுப்பியது, பக்கத்து வீட்டு மாமரத்தை வெட்டியது, முதுகுவலி, எல்லாம். நன்றாகக் கேட்டுக்கொண்டது. குறுக்கே பேசவில்லை. இந்த விஷயத்தில் அவருக்கும் சாக்குக்கும் அதிக வித்தியாசம் கிடையாது.

சாயங்காலம் சாக்கை இறக்க மனசில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஃபெலிக்ஸ் அண்ணன் கூண்டு வைத்துக்கொடுத்தார். வண்டி கவிழ்ந்தால் தலை தப்புவதற்கு, சீட்டைச் சுற்றிக் கனமான பைப் கூண்டு. அது இல்லாமல் பந்தயத்தில் சேர்க்கமாட்டார்கள். நான் பிடிக்க, அவர் வெல்டு வைத்தார்.

"அம்மிணி, கூண்டு தலைக்கு மேல எவ்வளவு ஒசரம் வேணுங்க?"

"அவரு ஆறடிங்கண்ணா. ஹெல்மெட்டும் சேத்துக்கங்க."

"ஒரு தடவ வந்து உக்காந்து பாத்துட்டுப் போனாருன்னா சரியா இருக்கும். இங்கிருக்கற..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு பொறியைக் கிளப்பிவிட்டார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். வெல்டு வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது.

ஃபெலிக்ஸ் அண்ணன் பைப் வாங்க வாரத்துக்கொரு தடவை கஞ்சிக்கோடு போகிறவர். வாளையாறு தாண்டி, பாலக்காட்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்னால். அங்கே பைப் விலை குறைவாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் அவர் பெயரைச் சொல்லி, ஜாக்கி எங்கே என்று மலையாளத்தில் ஒரு குரல்: "தாமோதரேட்டா, ஜாக்கி எவிடே?" அவர் போனைக் கையால் பொத்தி ஏதோ சொன்னார்.

துபாயில் அவர் மெயின்டனன்ஸ் மேனேஜர். கீழே பன்னிரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறார். மேனேஜரிடம் ஜாக்கி கேட்கிற கம்பெனி. நல்ல கம்பெனிதான், பாகுபாடு பார்ப்பதில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்று ஓணமாம். அவருக்கு லீவு.

செப்டம்பர் 14, ஞாயிறு

விடிகாலை பஸ் பிடித்து சேலம் போய், அங்கிருந்து அடிவாரம் போய், பந்தயச் சாலையை நடந்தே ஏறினேன். முதல்முறை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் நடந்து பார்ப்பார்களாம். காரில் போனால் சாலை தெரியாது, கால்தான் மேடு பள்ளத்தைச் சொல்லும். அவர் வந்து நடக்க நாள் இருக்காது. அவருக்காக நான் நடந்தேன்.

ஏழு கொண்டை ஊசி வளைவு. முதலிரண்டும் சாது. மூன்றாவதுதான் வில்லங்கம். பலாமரத்தைத் தாண்டியதும் சாலை உள்பக்கமாகச் சரிகிறது, வெளிப்பக்கம் ஜல்லி சிதறிக் கிடக்கிறது, அதற்கப்பால் ஒரு கல்பாலம். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பாலம் கண்ணில் பட்ட பிறகு மிதித்தால் வண்டி நேராக வெளியே வரும். ஆசைப்பட்டு முன்னாலேயே மிதித்தால் ஜல்லிக்குப் போகும். இரண்டு தரம் கீழே போய் மேலே வந்து பார்த்தேன். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி, "என்ன கண்ணு தொலச்சுப்போட்ட?" என்று கேட்டாள்.

மேலே போய் ஒரு பாறையில் உட்கார்ந்து அவருக்கு போன் செய்தேன். வளைவு வளைவாகச் சொன்னேன். முதலில் "ம்" கொட்டினார். மூன்றாம் வளைவு வந்ததும் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த கியர் வரும், ஜல்லி பெருசா பொடுசா, காலையில் வெயில் கண்ணில் அடிக்குமா. சிரித்தார்கூட. எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

"நீ சொல்றதக் கேட்டா நானே ஓட்டற மாதிரி இருக்குது கோகிலா."

"நீங்கதானுங்க ஓட்டப்போறீங்க."

லைன் கட்டாகிவிட்டது. சிக்னல் போயிருக்கும். மலைமேல் அப்படித்தான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

எஞ்சின் ஒருவழியாகச் சொன்னபடி கேட்கிறது. இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் காட்டி, சீறுகிற சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை திருகினேன். கேட்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

எஞ்சினில் மாற்றிய புது பிஸ்டன் பழக வேண்டுமே, தினமும் காலையில் தடாகம் ரோட்டில் ஓட்டிவருகிறேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தால்தான் எனக்குக் கால் எட்டுகிறது. அவர் சீட்டில் நான் தலையணையோடு. செங்கல்சூளை லாரிக்காரர்கள் ஹார்ன் அடித்துக் கும்பிடு போடுகிறார்கள். இன்று ஆனைக்கட்டி வரைக்கும் போய்விட்டேன். மேட்டில் இரண்டாவது கியரில் அது கத்திக்கொண்டு ஏறியபோது எனக்கும் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். கேட்க ஒரு மயில்தான் இருந்தது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காயில் சுற்றும் மெஷினுக்கும் வண்டிக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்த பாப்பாத்தியிடம், பழத்தை இன்று நசுக்க வேண்டாம், அவர் வந்து ஏற்றட்டும் என்றேன்.

"பழம் அதுக்குள்ள காஞ்சுபோயிரும்க்கா. நீங்களே ஏறுங்க. வண்டிக்கு இப்ப உங்களத்தான் தெரியும்."

ஏறினேன். நான்கு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கியது. நல்ல சகுனமாம். அவள் சொன்னாள்.

அக்டோபர் 8, புதன்

வீட்டை ஒட்டடை அடித்தேன். அவர் லுங்கிகளைத் துவைத்துக் காயவைத்தேன். சாக்கிலிருந்த மணலைக் கொட்டிவிட்டேன். என்று வருகிறார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை வண்டிச் சோதனை. வெள்ளி இரவுக்குள் வந்தால் போதும்.

அக்டோபர் 9, வியாழன்

பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு நானே மாற்றிச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

"கோகிலா, லீவு குடுத்துட்டாங்க. ஆனா டிக்கெட் கெடைக்கல புள்ள. எல்லா பிளைட்டும் புல்லு."

"பாலக்காட்டுல இருந்து வர்றதுக்கு பிளைட் எதுக்குங்க? உக்கடத்துக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்குதுங்களே."

பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மழ பேஞ்சப்ப இருந்து."

"ஒரு வார்த்த கேக்கலயே நீ."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அங்கே கம்பெனியை மூடிவிட்டார்களாம், பிப்ரவரியிலேயே. வந்து இறங்கினவருக்குக் கோயமுத்தூர் பஸ் ஏறக் கால் வரவில்லை. பாலக்காட்டில் தெரிந்த ஒருவருடைய லாரிப் பட்டறையில் வேலை, அங்கேயே படுக்கை. "பட்டறையும் போச்சு, துபாயும் போச்சுன்னு எப்படிப் புள்ள வர்றது? நம்ம வீதியே பாத்துட்டு இருக்கும்."

"வீதிக்காகவா நான் உங்க அளவுக்கு சீட்ட முடுக்குனனுங்க?"

பிறகு மெதுவாக, "இந்த வருசம் விட்ரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அவர் பேசி முடிக்குமுன் நான் வைத்தது இதுதான் முதல் தடவை.

கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து. துபாய் என்று வைத்துக்கொண்டிருந்தவரை எல்லாவற்றுக்கும் தூரம்தான் காரணம். கடலைத் தாண்டி ஒருவர் நினைத்த உடனே வர முடியுமா? ஒரு மணி நேர பஸ்ஸில் இருந்துகொண்டு வராதவரை வைத்துக்கொண்டு நான் எந்தத் தூரத்தைக் குறை சொல்வேன். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்த நாலு மாதத்தில் இந்த வீடு இவ்வளவு காலியாக இருந்ததில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் சங்கச் செயலாளருக்கு போன் செய்தேன். ஓட்டுகிறவர் பெயரை மாற்ற வேண்டும் என்றேன்.

"மாத்திக்கலாம் மேடம். யாரு ஓட்டறாங்க?"

"நான்தானுங்க."

அவர் ஒரு விநாடிகூடத் தயங்காமல் ரத்த குரூப் என்ன என்று கேட்டார். ஏனோ அதற்கு நன்றி சொல்லத் தோன்றியது, சொன்னேன். பிறகு ஒன்று சொன்னார்: தலையணை, மெத்தை எதுவும் சோதனையில் விடமாட்டார்கள். பெல்ட் போட்டால் முதுகு சீட்டோடு ஒட்டியிருக்க வேண்டும். வண்டி எதிலாவது மோதினால் தலையணை அமுங்கி, பெல்ட் தளர்ந்து, ஆள் முன்னால் போய்விடுவாராம்.

ஆகவே சீட்டைக் கழற்றினேன்.

கழற்றுவது சுலபமாக இருந்தது, அதுதான் வலித்தது. ஜூலையில் அத்தனை பாடுபட்டுப் பிடித்த போல்ட்டுகள். சீட்டை முன்னால் இழுத்து வைத்து நானே உட்கார்ந்தேன். பெடலை முழுசாக மிதித்தாலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். மடங்கியிருந்தது. என் அளவை நான் எடுப்பது இதுதான் முதல்முறை. அடையாளம் வைத்துப் புதிதாக நான்கு ஓட்டை போட்டேன்.

போல்ட் திருப்பினால் நட்டும் கூடவே சுற்றியது. செங்கல்லை எடுத்தேன், கீழே வைத்தேன். பிறகு பட்டறைக்குள் போய், "பாப்பாத்தி, கொஞ்சம் வர்றயா?" என்றேன்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சாக்கை விரித்து வண்டியடியில் படுத்துவிட்டாள். மேலேயிருந்து நான், "புடி" என்றேன். பிடித்தாள். "விடு" என்றேன். விட்டாள். என் வாயில் அப்படியே அவர் குரல். நாலும் முடிய ஒரு காபி குடிக்கிற நேரம் ஆகவில்லை. வெளியே வந்தவள் தலையிலிருந்த துருவைத் தட்டிக்கொண்டே, "இதுக்கா ஆடி மாசம் ஒரு நாள் பூரா உருண்டீங்க? கூப்புட்டா வந்திருப்பனுல்ல" என்றாள்.

"தெரியலடி" என்றேன்.

அக்டோபர் 11, சனி

ஃபெலிக்ஸ் அண்ணன் தன் மினி லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். சோதிக்கிறவர் கூண்டைத் தட்டினார், பெல்ட்டை இழுத்தார், பிரேக் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "பெடல் நல்லா இருக்கு. யாரு ஏர் எடுத்தது?"

"நான்தாங்க."

"மிதிச்சது?"

"அதும் நான்தாங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். எண் 23.

அக்டோபர் 12, ஞாயிறு

புறப்படும் இடமே மேடு. வண்டி பின்னால் உருளாமலிருக்க ஒருவர் பின்சக்கரத்தடியில் கட்டை வைக்கிறார். விளக்கு பச்சையானதும் கட்டையை விட்டுவிட்டு ஏற வேண்டியதுதான்.

முதல் வளைவு நினைவில்லை. இரண்டாவதில் கியர் ஒன்று கரகரத்தது, அவர் கேட்டிருந்தால் திட்டியிருப்பார். முன்னால் போட்டிருந்த சீட்டுக்குப் பின்னே, தரையில் அந்தப் பழைய நான்கு ஓட்டை. அடைக்க மறந்துவிட்டேன். அது வழியாகப் புழுதியும் காற்றும் வண்டிக்குள் விசில் அடித்துக்கொண்டே வந்தன.

மூன்றாவது. பலாமரம் வந்தது. காலை எடுத்தேன். ஆசைப்படாதே, பாலத்தைப் பார், பாலத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டேன். கயிற்றுக்கு அப்பால் கூட்டம் நின்றது. அதிலிருந்து ஒரு குரல், "அமுக்கு!" என்று. கல்பாலம் அந்த நொடியில்தான் கண்ணில் பட்டது. அமுக்கினேன். வண்டி ஜல்லிப் பக்கமே போகாமல் நேராக வெளியே வந்தது.

எல்லா வளைவிலும் ஆட்கள் அமுக்கு அமுக்கு என்று கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மற்றவர்கள் வண்டி வளைவுக்குள் வரும்போதே கத்தினார்கள். இந்த ஆள் பாலம் வரும்வரை பொறுத்திருந்தார். தலையைத் திருப்பிப் பார்க்க முடியவில்லை. பெல்ட் பிடித்திருந்தது.

மேலே போய் எஞ்சினை அணைத்தேன். சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லை. இடதுபக்கம் திரும்பினேன், வெறும் தகரம். எங்கள் பிரிவில் ஏழு வண்டி, நான் ஐந்தாவது.

எல்லா வண்டியும் ஏறி முடித்த பிறகுதான் வரிசையாக இறங்க விடுவார்கள். இறங்கும்போது மூன்றாம் வளைவில் மெதுவாகப் போனேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கப்புகள் கிடந்தன. கூட்டம் போய்விட்டிருந்தது.

அக்டோபர் 15, புதன்

வானம் கருக்கல் கட்டுகிறது. இந்த வாரத்திலேயே மழை பிடித்துவிடும். நான்கு பம்பு மோட்டார் வந்திருக்கிறது, எல்லாம் தண்ணீர் புகுந்து எரிந்தது.

போன் அவரிடமிருந்து வரவில்லை. நானும் செய்யவில்லை.

மத்தியானம் ஃபெலிக்ஸ் அண்ணன் வண்டிக்கடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இந்தப் பழைய ஓட்டை நாலையும் வெல்டு வெச்சு அடச்சுரலாங்களா? இல்ல இப்பத்திக்கு ரப்பர் போதுங்களா, வேணும்னா பின்னால எடுத்துக்கலாம்?" என்றார்.

"ரப்பர் போதுங்கண்ணா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழைக்கு அது போதும் என்று சொல்லியிருப்பேன்.

சீட் என் அளவிலேயே இருக்கட்டும். வருகிறவர் முட்டியை இடித்துக்கொண்டு உட்காரட்டும்.